கிரில் கடை போடப் போகிறீர்களா? கெட்சப்பா, பார்பிக்யூ சாஸா என்பதை இப்படி முடிவு செய்யுங்கள்

குற்றாலச் சீசனை நம்பி, கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, பிரானூர், புளியரைப் பக்கம் கரி அடுப்பு வைத்துக் கோழி சுட்டு விற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் இறங்கினேன். அடுப்பு, கரி, கோழி எல்லாம் விசாரித்து வாங்கியவன், மேலே தடவும் சாஸை மட்டும் யாரிடமும் கேட்காமல் வாங்கினேன். முதல் சனிக்கிழமையே 12 கிலோ கோழியில் பாதிக்கு மேல் வீணானது.

நான் செய்தது இதுதான். கடையில் வாங்கிய பார்பிக்யூ சாஸை முதல் நாள் இரவே கறியில் பிசைந்து ஊற வைத்தேன். மறுநாள் அடுப்பில் வைத்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணெய் தடவுவது போல அதையே தடவிக்கொண்டிருந்தேன். பத்தே நிமிடத்தில் தோல் கரிந்தது. எலும்பை ஒட்டி ரத்தம் அப்படியே இருந்தது. புனலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கறுத்த தோலை விரலால் உரித்து ஓரமாக வைத்துவிட்டு, வெந்த இடமாகப் பார்த்துக் கிள்ளிக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதிதாக வருகிறவர் யாரும் அந்த நிலைக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் எதைச் சுடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

சாஸை அப்புறம் பார்க்கலாம். கோழியின் கால், இறக்கை, பன்றி விலா போன்ற கொழுப்புள்ள துண்டுகளுக்குப் பார்பிக்யூ சாஸ் பொருந்தும். அதன் இனிப்பும் புளிப்பும் கொழுப்போடு சேரும்போதுதான் ருசி. நெஞ்சுக் கறி சீக்கிரம் உலர்ந்துவிடும். அதற்கு மேலே கெட்டியான சாஸ் தடவினால் உள்ளே வறட்சி, வெளியே பிசுபிசுப்பு என்றாகிவிடும். தயிர் மசாலாவே அதற்குப் போதும். அயிலை, நெய்மீன் இரண்டுக்கும் பார்பிக்யூ சாஸும் வேண்டாம், கெட்சப்பும் வேண்டாம். மிளகு, மஞ்சள், எலுமிச்சை போதும். சாஸின் இனிப்பு மீனின் ருசியை அடித்துவிடும். பன்னீர், காளான், அன்னாசி, நேந்திரம்பழம் எல்லாம் பார்பிக்யூ சாஸுக்கு நன்றாக இடம் கொடுக்கும்.

கெட்சப்பின் இடம் தட்டில். குழந்தைகள் கேட்பார்கள், உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுக்கொள்வார்கள். அதை நேராக நெருப்பில் காட்டுவதால் பெரிய பயன் இல்லை. ஆனால் அதை வைத்து நல்ல பார்பிக்யூ சாஸ் செய்ய முடியும். நான்காவது படியில் சொல்கிறேன்.

2. பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இரண்டும் உறவுக்காரப் பொருள்கள்தான். கெட்சப்பில் தக்காளி விழுது, சர்க்கரை, வினிகர், உப்பு, கொஞ்சம் மசாலா. பெரும்பாலான பார்பிக்யூ சாஸிலும் அடிப்படை அதே தக்காளி விழுதுதான். அதன் மேல் கரும்புப் பாகு அல்லது பழுப்புச் சர்க்கரை, கடுகு, பூண்டு, புகை வாசனை என்று சேர்த்துக்கொண்டே போயிருப்பார்கள். அதனால் விலை ஏறுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது.

பாட்டிலில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். சர்க்கரை எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். பிறகு 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரியைப் பாருங்கள். கெட்சப்பில் சுமார் 20 முதல் 25 வரை இருக்கும். பார்பிக்யூ சாஸில் 30, 40 என்று போகும். அந்த எண் எவ்வளவு பெரியதோ அவ்வளவு தாமதமாக அதை நெருப்பில் காட்ட வேண்டும்.

இன்னொரு பொறி நிறம். 150டி, 150சி என்று எண் போட்டிருந்தால் அது கேரமல் நிறமி. அது கலந்த சாஸ் பாட்டிலிலேயே கரும்பழுப்பாக இருக்கும். கறியில் தடவிய மறுநிமிடமே சுட்டு முடித்ததுபோலத் தோன்றும். நிறத்தை நம்பி எடுத்தால் உள்ளே பச்சையாக இருக்கும். நான் ஏமாந்ததில் பாதி இதனால்தான்.

மொத்தக் கடையில் ஐந்து கிலோ கேன் "சலுகை விலை" என்று கொடுத்தால் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய சரக்காக இருந்தால் அதில் அச்சிட்ட விலையையும் கவனியுங்கள். கெட்சப், சாஸ் வகைகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பழைய விலையிலேயே கணக்குப் போட்டால் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

3. எப்போது தடவுவது: எல்லாம் இதில்தான் இருக்கிறது

கரி நன்றாகப் பிடித்த அடுப்பில் கம்பி வலையின் சூடு 230 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெள்ளைச் சர்க்கரை சுமார் 160 டிகிரியில் பழுப்பாகத் தொடங்கும். 180-ஐத் தாண்டினால் கசக்க ஆரம்பிக்கும். கோழித் தோல் பொன்னிறமாக மாறுவது 140 டிகிரிப் பக்கத்தில். கோழியின் உட்பகுதி பாதுகாப்பாக வெந்தது என்று சொல்ல 74 டிகிரி வேண்டும். எலும்புள்ள கால் துண்டு அதை எட்ட 35 முதல் 40 நிமிடம் பிடிக்கும். முதல் நிமிடத்திலிருந்து சர்க்கரை தடவினால் 40 நிமிடம் அது என்ன பாடுபடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கரி விற்கும் அண்ணாச்சி ஒருவர்தான் எனக்கு வழி சொன்னார். என் அடுப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, கரியை ஏன் சோறு பரப்புவது மாதிரிப் பரப்பியிருக்கிறீர்கள்? ஒரு பக்கம் ஒதுக்குங்கள்" என்றார். அடுப்பின் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் கரி, மீதி இடம் வெறுமை. இவ்வளவுதான் ரகசியம். முறை இது:

முதல் 5 நிமிடம் கரிக்கு மேலே வைத்துத் தோலை இறுக்குங்கள். உப்பு, மிளகாய், மஞ்சள், இஞ்சி பூண்டு, கொஞ்சம் தயிர், எண்ணெய் மட்டும் பூசியிருக்க வேண்டும். சர்க்கரை அதிகமுள்ள எதுவும் வேண்டாம். அடுத்த 25 நிமிடம் வெறுமையான பக்கத்துக்கு நகர்த்தி, மேலே ஒரு பழைய இரும்புச் சட்டியையோ பெரிய தட்டையோ கவிழ்த்து மூடுங்கள். உள்ளே சூடு சுற்றி வேகும். பிறகு வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 300 அல்லது 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். எலும்பில் படாமல் சதையின் தடிப்பான இடத்தில் குத்த வேண்டும். 68 அல்லது 70 காட்டும்போது சாஸை எடுங்கள்.

மெல்லியதாக ஒரு பூச்சு. மூன்று நிமிடம் கழித்துத் திருப்பிப் போட்டு இன்னொரு பூச்சு. கடைசி ஒரு நிமிடம் மட்டும் கரிக்கு மேலே. அந்த ஒரு நிமிடம் வேறு எந்த வேலையும் பார்க்காதீர்கள். சாஸின் மேல் முதலில் பெரிய குமிழிகள் வரும், அது தண்ணீர் ஆவியாவது. பிறகு குமிழிகள் சிறுத்து, பாகு பதத்துக்கு வந்தது போல ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளக்கும். அப்போது எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு முறை மூச்சு விடும் நேரம் போனால் ஓரங்களில் கறுப்புப் புள்ளி எழும். வாசனை இனிப்பிலிருந்து காட்டமாக மாறும். மூக்கை நம்புங்கள், நிறத்தை விட அது சரியாகச் சொல்லும். எடுத்த துண்டை மறுபடியும் குத்திப் பாருங்கள். 74 காட்டாமல் தட்டுக்குப் போகக் கூடாது. குறைந்தால் வெறுமையான பக்கத்தில் மூடி வையுங்கள்.

கெட்சப்பும் இதற்கு விதிவிலக்கல்ல. அதில் தண்ணீர் அதிகம் என்பதால் கொஞ்சம் தாமதமாகக் கரியும், அவ்வளவுதான். ஊறவைக்கும் மசாலாவில் நிறத்துக்காக ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். அடுப்பில் வைக்கும்முன் மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும்.

சூடு எவ்வளவு என்று அறிய, வலைக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தாங்கவில்லை என்றால் கடும் சூடு, சாஸுக்கு ஆகாது. ஐந்தாறு விநாடி தாங்கினால் சாஸ் தடவும் சூடு.

4. கெட்சப்பிலிருந்து நீங்களே செய்துகொள்ளுங்கள்

இரண்டு பாட்டிலில் எது என்று கேட்டால் என் பதில்: நல்ல கெட்சப் ஒன்று வாங்கி, அதைப் பார்பிக்யூ சாஸாக மாற்றிக்கொள்ளுங்கள். நம் எல்லைப் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் இரண்டு பக்கத்துப் பொருளும் நம் சந்தையில் கிடைக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் கரும்புப் பாகு சேர்க்கும் இடத்தில் நமக்குக் கருப்பட்டி இருக்கிறது. புகை வாசனைக்கு அவர்கள் பாட்டிலில் அடைத்த திரவம் ஊற்றுகிறார்கள். நமக்குக் குடம்புளி இருக்கிறது. கேரளத்தில் குடம்புளியை வெயிலில் வாட்டியபின் புகையில் உலர்த்துவார்கள். ஒரு இதழை முகர்ந்து பாருங்கள், புளிப்புக்கு முன்னால் புகைதான் வரும். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் போகிறவர்களிடம் சொன்னால் வாங்கி வந்து கொடுப்பார்கள்.

ஒரு கிலோ கெட்சப்புக்கு அளவு: கருப்பட்டி 300 கிராம், குடம்புளி 30 கிராம், பூண்டு 20 பல் அரைத்தது, மிளகுத்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் மூன்று தேக்கரண்டி, கடுகை ஊறவைத்து அரைத்த விழுது இரண்டு தேக்கரண்டி. காரம் வேண்டுபவர்கள் காந்தாரி மிளகாய் ஐந்தாறு நசுக்கிச் சேர்க்கலாம்.

குடம்புளியை ஒரு டம்ளர் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியை அதிலேயே கரைத்து, மண்ணும் நாரும் போகத் துணியில் வடிகட்டுங்கள். இதைத் தவறவிட்டால் வாடிக்கையாளர் பல்லில் மணல் கடிபடும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு தீயில் 20 நிமிடம். கரண்டியின் முதுகில் விரலால் கோடு கிழித்தால் கோடு கூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்தபின் போடுங்கள், கெட்சப்பில் ஏற்கெனவே உப்பு உண்டு. எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். புளிப்பு அதிகம் என்பதால் அலுமினியம் ஆகாது.

சர்க்கரை கலந்த கருப்பட்டியை வாங்கிவிடாதீர்கள். அளவுக்கு மீறி மலிவாகக் கொடுத்தாலே சந்தேகப்படுங்கள். நாக்கில் வைத்தால் வெறும் இனிப்பு மட்டும் தெரியாமல் லேசான உப்புக்கரிப்பும் பனை மணமும் தெரிய வேண்டும். இதிலும் சர்க்கரை அதிகம்தான் என்பதை மறக்க வேண்டாம். மூன்றாம் படியின் நேரக் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும்.

5. செலவு

ஒரு கால் துண்டுக்கு இரண்டு பூச்சுக்குச் சுமார் 30 கிராம் சாஸ் போகும். நான் வாங்கியபோது பார்பிக்யூ சாஸ் கிலோ 400 ரூபாயை ஒட்டி வந்தது. துண்டுக்கு 12 ரூபாய். நானே செய்தபோது கெட்சப் 130, கருப்பட்டி 120, குடம்புளி 20, மற்றவை 30, ஆக 300 ரூபாய்க்கு ஏறக்குறைய 1.4 கிலோ கிடைத்தது. துண்டுக்கு ஆறரை ரூபாய். ஒரு மாலைக்கு 60 துண்டு போனால் மிச்சம் 330 ரூபாய். அந்தப் பணம் கரிக்கு ஆகும். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் சந்தை விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

6. காகிதங்கள்: ஏப்ரலிலேயே தொடங்குங்கள்

சீசன் ஜூனில் சாரலோடு வந்துவிடும். அப்போது அலுவலகத்துக்கு அலைய நேரம் இருக்காது.

சிறு உணவு வியாபாரிக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நான் கட்டியது ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, கடை இருக்கும் இடத்துக்கான சான்று ஆகியவை போதும். விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவைத் தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆய்வு என்றால் 30 நாள்வரை போகலாம், அதனால்தான் ஏப்ரல் என்கிறேன். கிடைக்கும் 14 இலக்க எண் 2-இல் தொடங்கும். அதைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பொறி. அரசு தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. நான் அப்படி ஒன்றில் 2,000 ரூபாய் கட்டினேன். வந்தது 100 ரூபாய்ப் பதிவுதான், அதுவும் மூன்று வாரம் கழித்து, கடை முகவரியில் பிழையோடு. திருத்துவதற்கு மறுபடியும் பணம் கேட்டார்கள். கடைசியில் அரசு தளத்தில் நானே உட்கார்ந்து செய்தேன். இரண்டு மணி நேர வேலை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் அப்படித்தான், அது முழுக்க இலவசம். யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவை தவிர ஊராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம், வாடகை இடமானால் உரிமையாளரின் ஒப்பந்தம், சமைக்கிறவர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் மருத்துவத் தகுதிச் சான்று. சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் சாஸ் நன்றாக இருக்கிறது என்று யாராவது பாட்டிலில் கேட்பார்கள். ஆசைப்பட்டுத் தனியாக அடைத்து விற்காதீர்கள். அடைத்த உணவுக்குச் சேர்மானம், எடை, தயாரித்த தேதி, பதிவு எண் என்று முழு லேபிள் விதி வந்துவிடும். தட்டோடு கொடுப்பது வேறு, பாட்டிலில் விற்பது வேறு.

7. புளியரையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

பதிவு கடை இருக்கும் இடத்துக்கானது. செங்கோட்டைப் பதிவை வைத்துக்கொண்டு புனலூரில் இன்னொரு கடை போட முடியாது, அங்கே தனியாக எடுக்க வேண்டும். கேரளத்தில் உணவகத் தொழிலாளர்களின் சுகாதார அட்டையைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். பார்சலில் தயாரித்த நேரமும், எதற்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும் என்று 2023-இல் அங்கே உத்தரவு வந்தது. நான் இந்தப் பக்கமே கடை வைத்திருந்தாலும் அந்தச் சீட்டை ஒட்டுகிறேன். அல்ஃபாம் என்ற அரபு முறைக் கரிச்சுட்ட கோழியைச் சாப்பிட்டுப் பழகிய கேரளக் குடும்பங்கள் அதைப் பார்த்ததும் நிம்மதியாக வாங்குகிறார்கள்.

அவர்கள் மயோனைஸும் கேட்பார்கள். பார்பிக்யூ சாஸோடு கலந்து தரச் சொல்வார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைக் கேரள அரசு 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தடை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், பச்சை முட்டை மயோனைஸைக் கடைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். முட்டை சேர்க்காத வகை கிடைக்கிறது, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மட்டும் அதை வையுங்கள்.

8. ஒரு மாலையின் நேரக் கணக்கு

காலை 11 மணிக்குக் கறியை மசாலாவில் ஊறவைத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். 5 மணிக்குக் கரி பற்றவையுங்கள். சிரட்டைக் கரி சூடு அதிகம், புகை குறைவு. சீமைக் கருவேலக் கரி நின்று எரியும். நான் இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கிறேன். சாரல் நாட்களில் கரி ஈரம் இழுத்துக்கொண்டு வெடிக்கும். தீப்பொறி கறியில் ஒட்டும். சாக்கில் வைக்காமல் மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். 5.30-க்குக் கரியின் மேல் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்துவிடும். அதற்கு முன்னால் கறியை ஏற்றாதீர்கள். 6.15-க்கு முதல் தட்டு தயாராகும். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூட்டம் வருவது அந்த நேரத்தில்தான். சாஸ் தடவாத, முக்கால் வெந்த துண்டுகளை வெறுமையான பக்கத்தில் வரிசையாக வைத்திருங்கள். அந்தப் பக்கத்திலும் சட்டியைக் கவிழ்த்துச் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் தேக்காதீர்கள். வாடிக்கையாளர் கேட்டபின் பூசினால் ஏழே நிமிடத்தில் கொடுத்துவிடலாம்.

9. பிரஷும் கிண்ணமும்

பச்சைக் கறிக்கு எண்ணெய் தடவிய பிரஷ் சாஸ் கிண்ணத்துக்குள் போகக் கூடாது. இரண்டு நிறத்தில் இரண்டு பிரஷ் வாங்குங்கள். வேலைக்கு வரும் பையன்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட நிறம் சுலபம். பூசும் சாஸ் ஒரு கிண்ணம், தட்டில் வைக்கும் சாஸ் வேறு கிண்ணம். இரவு கடை மூடும்போது பூசும் கிண்ணத்தில் எவ்வளவு மீதி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மனம் வராது, எனக்கும் வந்ததில்லை. ஆனாலும் கொட்டித்தான் ஆக வேண்டும். அதனால் பெரிய பாத்திரத்திலிருந்து கால் கிலோ கால் கிலோவாக மட்டும் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்த சாஸைக் கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். நான் அதற்கு மேல் வைப்பதில்லை. மூடியில் செய்த தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள், அழிந்து போகாமலிருக்க மேலே ஒரு செலோடேப் ஒட்டுங்கள்.